ஊர்ப் படிப்பகத்துக்கு ஒரு ஹார்டு டிஸ்க் நிறைய பிடிஎஃப் வந்திருக்கிறது. என்ன செய்ய?

கடனாநதி எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாகக் கேட்கப் போகிறேன்.

கடையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர், தென்காசி மாவட்டம். பாதி வீடுகளில் பீடி சுற்றுகிறார்கள். பழைய பால் சொசைட்டிக் கட்டடத்தில் எட்டு வருஷமாக ஒரு படிப்பகம் நடத்துகிறோம். அரசு நூலகம் இல்லை. ஊர்க்காரர்கள் மாசம் இருபது, ஐம்பது என்று போடுகிற காசில் ஓடுகிறது. 640 புத்தகம், ரெண்டு பெஞ்சு, யாரோ கழித்துப் போட்ட ஒரு கம்ப்யூட்டர். நான் பகலில் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து கதவைத் திறப்பேன். குரூப் 4 எழுதுகிற பிள்ளைகள் ஒன்பது வரைக்கும் இருக்கும்.

எங்கள் வாசகர்களில் முக்கால்வாசிப் பேர் வாசிக்க மாட்டார்கள், கேட்பார்கள். பக்கத்துத் திண்ணையில் சொளவை மடியில் வைத்து அம்மாமார் பீடி சுற்றிக்கொண்டிருக்க, ஒரு பிள்ளை உட்கார்ந்து சத்தமாக வாசிக்கும். கல்கியின் ஒரு தொடர்கதையை அப்படியே ஏழு மாசத்தில் முடித்தோம். கடைசி அத்தியாயம் வாசித்த அன்றைக்கு ஒரு ஆச்சி, எடுத்த இலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு, சுற்றவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

பொங்கலுக்கு ஊருக்கு வந்த பையன் ஒருத்தன், சென்னையில் ஐடி வேலை, ஒரு ஹார்டு டிஸ்க்கை மேசையில் கொண்டுவந்து வைத்தான். "அக்கா, ஒரு டிபி. இனிமே புத்தகத்துக்கு நாம யார்கிட்டயும் போய் நிக்க வேண்டாம்" என்றான். திறந்தால் 7,312 பிடிஎஃப். சங்க இலக்கியம் இருக்கிறது. அறுபது வருஷத்துக்கு முந்திய மாத இதழ்கள் இருக்கின்றன. தேர்வுக் கையேடுகள் இருக்கின்றன. போன வருஷம் பாளையங்கோட்டைப் புத்தகத் திருவிழாவில் நான் ரெண்டு நாள் யோசித்து 420 ரூபாய் கொடுத்து வாங்கிய நாவலும் இருக்கிறது. தனியாக ஒரு கோப்புறை நிறைய சினிமா. அதை அன்றைக்கு ராத்திரியே அழித்துவிட்டேன், அதில் எனக்குக் குழப்பம் எதுவும் இல்லை.

புத்தகத்தில்தான் மனசு ரெண்டு பக்கமும் இழுக்கிறது. பையன்கள், கம்ப்யூட்டரில் டொரண்ட் மென்பொருள் போட்டு, யார் வேண்டுமானாலும் இணையத்தில் இறக்கிக்கொள்கிற மாதிரி மொத்தத்தையும் விட்டுவிடலாம், மற்ற ஊர்ப் படிப்பகங்களுக்கும் போய்ச் சேரட்டும் என்கிறார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கள் ஊரிலிருந்து நல்ல புத்தகக் கடைக்குப் போக வேண்டுமென்றால் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறணும்.

ஆனால் எனக்கு என் அம்மா ஞாபகம் வருகிறது. நாற்பது வருஷம் பீடி சுற்றினாள். ஏஜெண்டு கட்டைப் பிரித்துப் பார்த்து, நல்ல பீடியையே "கழிவு" என்று ஒதுக்கி வைப்பான். அதற்குக் கூலி கிடையாது. ஒதுக்கினதைத் திருப்பியும் தர மாட்டான், அவனே விற்றுக்கொள்வான். அம்மா சாகிற வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனாள். அந்த டிஸ்க்கைத் திறக்கும்போதெல்லாம் யாரோ சுற்றின பீடி என் கையில் இருக்கிற மாதிரி இருக்கிறது.

வைத்துக்கொள்ளலாமா? வாசிக்க மட்டும் கொடுக்கலாமா? டொரண்டில் விடலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பூவரசு எழுதியது:

வணக்கம் அக்கா. நான் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுறன். தயவுசெய்து புத்தகம் ஒண்டையும் அழிக்காதேங்கோ. முதல் வேலையா இன்னொரு டிஸ்க்கில பிரதி எடுத்து வேற வீட்டில கொண்டுபோய் வையுங்கோ. மிச்சத்தைப் பிறகு யோசிக்கலாம்.

ஏன் இப்பிடிச் சொல்லுறன் எண்டா, 1981 ஜூன் 1 இரவு எங்கட நூலகத்தை எரிச்சாங்கள். ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் போச்சு. அப்ப நான் பிறக்கேல்லை. அடுத்த நாள் காலமை சாம்பல் பறந்து வந்து முற்றத்தில விழுந்தது எண்டு அம்மா இண்டைக்கும் சொல்லுவா. ஒரு துண்டில எழுத்துத் தெரிஞ்சதாம். கறுத்த தாளில அதைவிடக் கறுப்பா எழுத்து. என்ன எழுதியிருக்கெண்டு பார்க்கக் குனிஞ்சு தொட்டவா, உதிர்ந்து போச்சு. அந்த நூலகத்தில இருந்ததில சிலதுக்கு உலகத்தில வேற பிரதியே இல்லை.

2005 இல ஈழத்து நூல்களை ஸ்கேன் பண்ணி இணையத்தில போடுற நூலகம் திட்டத்தைத் தொடங்கின பிள்ளையள் இந்தக் காயத்தோடதான் ஸ்கேனருக்கு முன்னால இருந்தவை. அவை எழுத்தாளரிட்டயும் குடும்பத்திட்டயும் அனுமதி கேட்டுக் கேட்டுத்தான் போடுகினம், அதையும் சொல்லவேணும். ஆனா அச்சில இல்லாத புத்தகம், கடையில தேடினாலும் கிடையாத புத்தகம், அதை ஒரு பிள்ளை இறக்கி வாசிச்சா ஆருக்கு என்ன நட்டம்? வாங்கக்கூடிய ஆளா இருந்து வாங்காம விடுறது வேற. வாங்க வழியே இல்லாதது வேற. இங்க கடையில இந்தியப் புத்தகத்தை எடுத்துப் பின்னட்டையில விலையைப் பார்த்திட்டு, ஆசையோட ரெண்டு பக்கம் வாசிச்சுப்போட்டுத் திருப்பி வைக்கிற பிள்ளையளை எத்தினையோ தரம் கண்டிருக்கிறன்.

பிரதி கூடக் கூடத்தான் ஒரு புத்தகத்துக்கு ஆயுள். அதை அனுபவிச்ச சனம் நாங்கள்.


இழைநார் எழுதியது:

பூவரசு சொல்கிற பாதுகாப்பு நியாயமானது. ஆனால் டிஸ்க்கில் பத்திரமாக வைப்பது வேறு, டொரண்டில் விடுவது வேறு. பையன்களுக்கு இது தெரிந்திருக்கணும் என்பதால் எழுதுகிறேன்.

1999-இல் வந்த நாப்ஸ்டர் என்கிற பாட்டுப் பகிர்வு மென்பொருளில் யாரிடம் எந்தப் பாட்டு இருக்கிறது என்கிற பட்டியல் ஒரே நிறுவனத்தின் சர்வரில் இருந்தது. அதனால் 2001-இல் நீதிமன்றம் சொன்னதும் கடையைச் சாத்த முடிந்தது. அதே வருஷம் பிராம் கோஹன் எழுதிய பிட்டொரண்டில் அப்படி ஒரு நடு இடம் இல்லை. கோப்பைச் சின்னத் துண்டுகளாக வெட்டும். நீங்கள் ஒரு துண்டை வாங்கும்போதே ஏற்கெனவே வாங்கிய துண்டை அடுத்தவருக்குக் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். மென்பொருளின் இயல்பே அதுதான். "நான் எனக்காக இறக்கினேன், யாருக்கும் கொடுக்கவில்லை" என்று டொரண்டில் இறக்கிய யாரும் உண்மையாகச் சொல்ல முடியாது. படிப்பகத்தின் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் உங்கள் இணைப்பின் அடையாள எண், அந்தக் கோப்பைப் பகிர்கிற கூட்டத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். விட்ட கோப்பைத் திருப்பி எடுக்கவும் முடியாது. ஒரு எழுத்தாளர் நாளைக்கு வந்து "என் புத்தகத்தை எடுத்துவிடுங்கள்" என்று கேட்டால், உங்களால் உங்கள் டிஸ்க்கிலிருந்து அழிக்க முடியும், அவ்வளவுதான்.

தெரிந்தே செய்தால் காப்புரிமைச் சட்டம் 63-ஆவது பிரிவில் ஆறு மாசம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். லாப நோக்கம் இல்லையென்றால் நீதிமன்றம் குறைக்கலாம். பயமுறுத்தச் சொல்லவில்லை. ஆனால் ஊர்க் காசில் ஓடுகிற படிப்பகத்தை இதில் கோத்துவிடக் கூடாது.

டொரண்ட் மேலே எனக்குக் கோபம் கிடையாது. யாரும் இலவசமாகப் பகிரலாம் என்கிற லினக்ஸ் மென்பொருள் எல்லாம் இன்றைக்கும் அதில்தான் இறக்குகிறேன். பையன்களுக்கு ஆசை இருந்தால் மதுரைத் திட்டத்தின் மின்னூல்களை எடுத்து விடச் சொல்லுங்கள். 1998 பொங்கலில் தொடங்கி உலகம் முழுக்க இருக்கிற தன்னார்வலர்கள் தட்டெழுதிச் சேர்த்தவை. முகப்புப் பக்கத்தை மாற்றாமல் யாரும் தாராளமாகப் பரப்பலாம் என்று ஒவ்வொரு கோப்பிலும் அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.


ஒற்றுப்பிழை எழுதியது:

கடனாநதி அக்கா, நான் மதுரையில் பக்க வடிவமைப்பும் மெய்ப்பும் பார்த்துப் பிழைக்கிறவள். 19 வருஷம் ஆகிறது. உங்கள் டிஸ்க்கில் இருக்கிற புத்தகங்களில் பத்து இருபதுக்காவது நான் பக்கம் கட்டியிருப்பேன். பக்கத்துக்கு இத்தனை ரூபாய் என்று கூலி. பீடிக் கணக்கு எனக்கு நன்றாகவே புரிகிறது.

நானும் ஒரே ஒரு புத்தகம் போட்டிருக்கிறேன். மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கம் ஆறு வருஷம் அலைந்து 31 அம்மாமாரிடம் கேட்டு எழுதிய ஒப்பாரிப் பாட்டுகள். சாவு விழாத வீட்டுக்குள் ஒப்பாரி பாட மாட்டார்கள், ஆகாது. கம்மாய்க்கரைக்குக் கூட்டிக்கொண்டு போகணும், இல்லையென்றால் ஊருக்கு வெளியே ஒரு புளியமரம் பார்க்கணும். முதல் அடி எடுப்பதற்குள் ஒரு மணி நேரம் போய்விடும். எடுத்துவிட்டால் பிறகு நிறுத்த முடியாது. ஒரு அம்மா செத்துப்போன மகனைச் சொல்லிப் பாட ஆரம்பித்து, இருட்டின பிறகும் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு நான் ஒரு வரிகூட எழுதவில்லை. அடுத்த தடவை போய்த்தான் எழுதினேன்.

500 பிரதி. விலை 220 ரூபாய். எனக்கு நூற்றுக்குப் பத்து, பிரதிக்கு 22. அத்தனையும் விற்றாலும் 11,000 ரூபாய். பஸ் செலவுக்குக் காணாது, தெரிந்துதான் செய்தேன். மூன்றாவது வாரமே ஒரு அரட்டைச் செயலிக் குழுவில் பிடிஎஃப் வந்துவிட்டது. போனில் படம் பிடித்தது. முதல் பக்கத்தில் என் கையெழுத்தே இருந்தது, "அன்புடன்" என்று. நான் சும்மா கொடுத்த பிரதி அது. 47-ஆம் பக்கத்தின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல், நகத்தில் மருதாணி. யார் என்று எனக்குத் தெரியும். இன்றுவரைக்கும் நான் அவளிடம் கேட்கவில்லை.

இரண்டாம் பதிப்பு இல்லை என்று பதிப்பாளர் சொல்லிவிட்டார். 210 பிரதி இன்னும் கட்டுப் பிரிக்காமல் கிடக்கிறது. பிடிஎஃப்தான் காரணம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஒப்பாரிப் புத்தகம் வேகமாக விற்கிற சரக்கும் இல்லை. ஆனால் இரண்டாம் பதிப்பில் சேர்க்க வைத்திருந்த 18 பாட்டு நோட்டிலேயே இருக்கிறது. அதை யாரும் திருடவும் இல்லை, யாரும் வாசிக்கப் போவதும் இல்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லணும். அந்தப் பிடிஎஃப்பைக் கத்தாரில் ஒரு லாரி டிரைவர் வாசித்திருக்கிறார். அவருடைய அப்பத்தா சாவுக்கு வர முடியவில்லையாம். 112-ஆம் பக்கத்துப் பாட்டை அப்பத்தா குரலிலேயே கேட்டேன் என்று எழுதியிருந்தார். காசு அனுப்பட்டுமா என்று வேறு கேட்டிருந்தார். அந்தக் கடிதத்தை நான் பத்து தடவையாவது வாசித்திருப்பேன். அந்த மருதாணி விரல் இல்லையென்றால் அது எனக்கு வந்திருக்காது. இது இரண்டையும் சேர்த்தே நான் வைத்திருக்கிறேன்.

உங்கள் ஊர்ப் பக்கத்துக் கதையே ஒன்று இருக்கிறது. பாரதி 1918-இலிருந்து 1920 வரைக்கும் செல்லம்மாளின் ஊரான கடையத்தில்தான் இருந்தார். தன் எழுத்தையெல்லாம் 40 தொகுதியாகப் போட வேண்டும் என்று நண்பர்களிடம் கடன் கேட்டு எழுதினார். அது நடக்கவில்லை. 1921-இல் போய்விட்டார். உரிமை பல கை மாறி, கடைசியில் 1949-இல் சென்னை மாகாண அரசு குடும்பத்துக்குத் தொகை கொடுத்து வாங்கிப் பிறகு பொதுவாக்கியது. இன்றைக்கு யாரும் அச்சடிக்கலாம், பாடலாம், டொரண்டிலும் விடலாம். உரியவர்களுக்கு ஒரு கணக்குத் தீர்த்துத்தான் அது எல்லாருக்கும் ஆனது. அப்புறம் புதுமைப்பித்தன், கல்கி என்று எத்தனையோ பேருடைய எழுத்தை இதே வழியில் நாட்டுடைமை ஆக்கியிருக்கிறார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நாட்டுடைமை நூல்களை நேராகவே எடுக்கலாம்.

நாட்டுடைமை ஆகாதவர்களுக்கு, எழுதியவர் இறந்த பிறகு 60 வருஷம் வரை உரிமை உண்டு. முன்னே 50 ஆக இருந்தது. தாகூர் எழுத்துக்கு உரிமை முடியப்போகிறது என்றதும் 1992-இல் கூட்டினார்கள். சுந்தர ராமசாமி இறந்தது 2005, அவருக்கு 2065 கடைசி வரைக்கும் உரிமை உண்டு. அசோகமித்திரனுக்கு 2077. உங்கள் காலத்துக்குள் வராது, என் காலத்துக்குள்ளும் வராது. 60 வருஷம் ரொம்ப அதிகம் என்பதுதான் என் எண்ணம். எழுதியவரின் பேரப்பிள்ளைக்கும் அதனால் சோறு கிடைப்பதில்லை, வாசகருக்கும் புத்தகம் கிடைப்பதில்லை.

நூலகத்துக்கு என்று சட்டத்தில் இரண்டு வாசல் இருக்கிறது. லாபம் இல்லாத பொது நூலகம், தன்னிடம் அச்சுப் பிரதி இருக்கிற புத்தகத்தைப் பாதுகாப்புக்காகக் கணினியில் ஏற்றி வைக்கலாம். இந்தியாவில் விலைக்கே கிடைக்காத புத்தகம் என்றால், நூலகப் பொறுப்பாளர் நூலகத்தின் உபயோகத்துக்கு மூன்று பிரதி வரை எடுக்கலாம். உங்கள் படிப்பகம் அதில் வருமா என்று ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பூவரசு தம்பி சொன்ன அச்சில் இல்லாத புத்தகத்துக்கு இந்த வழி உதவலாம்.

மற்றபடி, உயிரோடு இருக்கிறவர்களுக்கு ஒரு கடிதம் போடுங்கள். தமிழில் எழுதுகிறவர்களை எட்டிப் பிடிப்பது ஒன்றும் கஷ்டம் இல்லை. திண்ணையில் வாசித்தோம் என்று எழுதுங்கள், அந்த ஆச்சியைப் பற்றி எழுதுங்கள்.


வெண்கோல் எழுதியது:

நான் பார்வையற்றவன், அரசுப் பள்ளியில் தமிழாசிரியர். இந்தப் பேச்சில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போனில் படம் பிடித்த பிடிஎஃப்பை, திரையில் இருப்பதைச் சத்தமாக வாசித்துக் காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் படிக்காது. அதற்கு அது வெறும் படம். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பாக இருந்தால் இன்னும் மோசம், "அம்மா" என்பதை ஏதோ ஆங்கிலக் குறிகளாக உளறும். ஒருங்குறியில் (யூனிகோட்) இருந்தால்தான் எனக்கு அது புத்தகம். 7,312-இல் எனக்கு உதவுவது நூறு தேறுமா என்பதே சந்தேகம்.

2012-இல் நம் சட்டத்தைத் திருத்தி, மாற்றுத்திறனாளிகள் படிக்கக்கூடிய வடிவில் எந்தப் புத்தகத்தையும் லாப நோக்கமில்லாமல் மாற்றிக் கொடுக்கலாம் என்று வைத்தார்கள். பார்வையற்றவர்களுக்குப் புத்தகம் கிடைக்கச் செய்கிற மராகேஷ் ஒப்பந்தத்தை 2014-இல் உலகத்திலேயே முதலில் ஏற்ற நாடு இந்தியா. உங்கள் ஊரில் என்னைப் போல யாராவது இருந்தால் அவருக்காக நீங்கள் தயங்காமல் செய்யலாம். எனக்கு இன்றுவரை அதிகம் உதவியவர்கள் திருட்டுப் பிடிஎஃப் கொடுத்தவர்கள் இல்லை, மூலக்கோப்பைக் கொடுத்த இரண்டு பதிப்பாளர்கள்.


ஒற்றுப்பிழை எழுதியது:

வெண்கோல் சார், என் புத்தகத்தின் கோப்பு என்னிடமே இருக்கிறது, ஒருங்குறியில். முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். இத்தனை வருஷம் இது எனக்குத் தோன்றவே இல்லையே.


கடனாநதி எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கணும். மண்டியில் வருஷக் கணக்கு முடிக்கிற நேரம்.

பூவரசு தம்பி சொன்னபடி முதலில் ஒரு பிரதி எடுத்து டீச்சர் வீட்டு பீரோவில் வைத்தோம். டொரண்ட் யோசனையைப் பையன்கள் விட்டுவிட்டார்கள். இழைநார் எழுதியதை நான் வாசித்துக் காட்டினேன், "விட்டதைத் திருப்பி எடுக்க முடியாது" என்ற இடத்தில் அவர்களே நிறுத்தச் சொன்னார்கள். மதுரைத் திட்டத்துக் கோப்புகளை விட ஒருத்தன் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறான்.

கல்லூரிக்குப் போகிற ரெண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்து தினமும் ராத்திரி பிரித்தோம். இன்னும் பாதிகூட முடியவில்லை. ஒற்றுப்பிழை அக்கா, உங்கள் புத்தகம் இருக்கிறதா என்றுதான் முதலில் தேடினேன். இல்லை. ஆனால் பிரிக்கப் பிரிக்க விரல்கள் வந்தன. மோதிரம் போட்ட விரல், பிளாஸ்திரி ஒட்டின விரல், ஒரு சின்னப் பிள்ளையின் விரல்கூட. ஒரு புத்தகத்தின் கடைசியில் ஏதோ கல்லூரி நூலகத்தின் தேதிச் சீட்டு, கடைசியாக எடுத்தது 1994. அந்தப் புத்தகத்தை அதற்குப் பிறகு யாரும் கேட்கவே இல்லை போல. ஸ்கேன் பண்ணினவர்தான் கேட்டிருக்கிறார்.

உயிரோடு இருக்கிற 11 பேருக்குக் கடிதம் போட்டோம். நாலு பேர் பதில் எழுதினார்கள். ஒருவர் வேண்டாம், அழித்துவிடுங்கள் என்றார். அன்றைக்கே அழித்தோம், டீச்சர் வீட்டுப் பிரதியிலும் சேர்த்து. ரெண்டு பேர் படிப்பகத்துக்குள் வாசிக்கக் கொடுங்கள், வெளியே போக வேண்டாம் என்றார்கள். நான்காவது ஆள், நான் 420 ரூபாய் கொடுத்து வாங்கின நாவலை எழுதியவர். பிடிஎஃப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆச்சி பெயர் என்ன என்று கேட்டு, அந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டு மூன்று புத்தகம் பார்சலில் அனுப்பிவிட்டார். ஆச்சிக்கு வாசிக்கத் தெரியாது. கையெழுத்து இருக்கிற பக்கத்தை மட்டும் வருகிறவர்களிடமெல்லாம் விரித்துக் காட்டுகிறாள்.

ஒற்றுப்பிழை அக்கா, கட்டுப் பிரிக்காத 210-இல் எங்களுக்கு நாலு வேண்டும். பணம் எங்கே போடணும் என்று சொல்லுங்கள். எங்கள் பக்கம் வேறு ராகம், ஆனாலும் அம்மாமார் கேட்கணும் என்கிறார்கள். திண்ணையில் வாசிக்க முடியாதாம், ஊருக்கு வெளியே போய்தான் வாசிக்கணுமாம்.

இன்னொரு உதவி. டிஸ்க்கில் எங்கள் பக்கத்து ஊர்க் கோயிலையும் குளத்தையும் பற்றி 1958-இல் அச்சான ஒரு சின்னப் புத்தகம் இருக்கிறது, 64 பக்கம். எழுதியவர் பெயருக்கு முன்னால் "வித்துவான்" என்று இருக்கிறது. பிறப்பு, இறப்பு எதுவும் கிடைக்கவில்லை. ஊரில் விசாரித்தால் அந்தக் குடும்பம் பம்பாய்க்குப் போய்விட்டது என்கிறார்கள். அச்சகமும் இப்போது இல்லை. இந்த மாதிரிப் புத்தகத்துக்கு யாரிடம் போய் அனுமதி கேட்பது?